கண்காட்சியும் ஓவிய மாணவனும்

பரிபாடலின் 19ஆம் பாட்டில் ஒரு கூட்டம் படம் பார்க்கிறது. மதுரையிலிருந்து திருப்பரங்குன்றத்துக்குச் சென்ற மக்கள் அங்குள்ள ஓவிய மண்டபத்தில் நின்று சுவர்களைச் சுட்டிச் சுட்டிப் பேசுகின்றனர். ஒரு புறம் விண்மீன்களும் கோள்களும் எழுதப்பட்டுள்ளன. மற்றொரு புறம் நிற்கும் இருவரைக் காட்டி ஒருவர் வினவ, காமனும் இரதியும் என்று பக்கத்திலிருப்பவர் விடை சொல்கிறார். பூனை வடிவில் இந்திரன், அகலிகை, சினங்கொண்ட கௌதமன், கல்லாகிய உடல் என்று கதை தொடர்கிறது. நப்பண்ணனார் அம் மண்டபத்துக்குத் தரும் பெயர் எழுத்துநிலை மண்டபம் என்பது. எழுத்து என்னும் சொல் ஓவியத்துக்கும் உரியதாயிருந்த காலம் அது. கண்ணுக்கு மை எழுதுதல், படம் எழுதுதல் என்னும் வழக்குகளில் அப்பொருள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் கண்காட்சி காண்பதைப் பற்றிய பழைய சான்று இதுவென்றே சொல்லலாம். ஆயினும் அக்கூட்டத்தில் ஓவியம் பயிலும் மாணவன் ஒருவன் இருந்தானா என்பதைப் பாட்டு சொல்லவில்லை. இருந்திருந்தால் அவனுடைய வினா வேறாயிருக்கும். மற்றவர் இவர் யார் என்று கேட்டனர். அவன் இது எவ்வாறு எழுதப்பட்டது என்று கேட்டிருப்பான். மண்டபத்தை விட்டு இறங்கியபின் அவனுக்கு இன்னொரு வினாவும் எழுந்திருக்கும்: நான் எதனை எழுதுவது? இந்த இரண்டாம் வினாவுக்குக் கண்காட்சி விடை தருமா என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

ஜாசின் வட்டாரத்துத் தமிழாசிரியர்களுக்கு இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. ஜாசினிலிருந்தும் மெர்லிமாவிலிருந்தும் மாணவரைப் பேருந்தில் ஏற்றிக் கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்வது ஏறக்குறைய 150 கிலோமீட்டர்ப் பயணம். அங்குள்ள தேசிய ஓவியக்கூடம் 1958 ஆகஸ்டு 27-இல் துங்கு அப்துல் ரஹ்மானால் அம்பாங் சாலையில் திறந்து வைக்கப்பட்டது. 1984-இல் பழைய மஜெஸ்டிக் ஹோட்டல் கட்டடத்துக்கும், 1998-இல் இன்றுள்ள இடத்துக்கும் மாறியது. ஒரு நாளில் சென்று திரும்பிவிடலாம். திரும்பி வந்தபின் நடப்பதுதான் கவலை தருவது. நாட்காட்டித் தெய்வங்களையும் திரைப்பட நடிகர் முகங்களையும் பார்த்து வரைந்துகொண்டிருந்த பிள்ளை, கூடத்தில் கண்ட கோணல்மாணலான உருவங்களைப் பார்த்து வரையத் தொடங்குகிறான். மூலம் மாறிற்று; பழக்கம் மாறவில்லை. ஆசிரியரும் இதனை வளர்ச்சி என்று பாராட்டிவிடுகிறார்.

பிறரைப் பார்த்து வரைதல் குற்றமா? இல்லை. ஓவிய வரலாற்றில் பெரிய பெயர்கள் எல்லாம் அவ்வாறே தொடங்கின. வின்சென்ட் வான்கோவின் செய்தி இங்கு நினைக்கத்தக்கது. 1885 அக்டோபரில், அவ்வாண்டுதான் திறக்கப்பட்டிருந்த ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்துக்கு அவர் சென்றார். அப்போது வயது 32. முறையான பயிற்சி இன்னும் முற்றுப்பெறவில்லை. ரெம்பிராண்டின் 'யூத மணமகள்' என்னும் ஓவியத்தின் முன் அமர்ந்தவர் எழுந்திருக்க மறுத்துவிட்டார். காய்ந்த ரொட்டித் துண்டுடன் இரண்டு வாரம் அங்கேயே இருக்க விட்டால் வாழ்நாளில் பத்தாண்டைக் கொடுக்கவும் தயார் என்று உடன்வந்த நண்பரிடம் சொன்னாராம். இதனை வான்கோவின் வெறித்தனமான ஆர்வத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். ஆனால் அவர் பல படங்களைப் பார்க்கச் சென்று ஒரு படத்தின் முன் நின்றுவிட்டார் என்பதைத்தான் ஓவிய ஆசிரியர் கவனிக்க வேண்டும். இருபது கூடங்களையும் ஒரு மணி நேரத்தில் சுற்றிக் காட்டும் பள்ளிப் பயணங்களில் இவ்வாறு நிற்பதற்கு இடமே கிடையாது.

இரண்டாண்டு கழித்து, 1887-இல், பாரிசில் ஜப்பானிய அச்சுப்படங்கள் அவரைக் கவர்ந்தன. ஹிரோஷிகேயின் இரு படங்களை எண்ணெய் வண்ணத்தில் அப்படியே பெயர்த்து எழுதினார். அவற்றின் ஓரங்களில் ஜப்பானிய எழுத்துகளையும் வேறு படங்களிலிருந்து எடுத்து நிரப்பினார். அவ்வெழுத்துகளைப் படிக்க அவருக்குத் தெரியாது; அழகாக இருந்தன, எழுதினார். இரவல் வாங்கிய அணிகலன் என்பதற்குமேல் அவற்றுக்கு மதிப்பில்லை. ஆனால் 1888-இல் ஆர்ல் நகருக்குச் சென்றபின் நிகழ்ந்தது வேறு. அவ்வூர் நீரோடைகளின் நாணலை வெட்டி எழுதுகோல் செய்துகொண்டார். அதனால் கோதுமை வயல்களையும் தோட்டங்களையும் புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும் வரைந்தார். அக்கோடுகளில் ஜப்பானியரிடம் கற்றது முழுவதும் இருக்கிறது, ஜப்பான் இல்லை. பெயர்த்தெழுதிய படங்களில் ஜப்பான் இருந்தது, கல்வி இன்னும் செரிக்கவில்லை. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே ஓராண்டு உழைப்பு கிடக்கிறது. மாணவன் முதல் நிலையிலேயே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர் கடமை.

தமிழகத்தில் இதற்கு நிகரான வரலாறு சென்னை அரசு ஓவியப் பள்ளியுடையது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் தொடங்கிய பள்ளி அது. 1929-இல் அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் தேவிபிரசாத் ராய் சௌத்திரி; மெரீனாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அவரிடம் பயின்றவர் கே.சி.எஸ். பணிக்கர். ஓவிய மாணவனின் சோதனைகளைப் பற்றிப் பேசுவோர் பணிக்கரைத் தவிர்க்க இயலாது. ஏனெனில் அவர் ஆசிரியராகி, முதல்வராகி, முதுமையெய்திய பின்னும் மாணவனாகவே சோதனை செய்துகொண்டிருந்தவர்.

1911-இல் கோயமுத்தூரில் பிறந்த பணிக்கர், 17ஆம் வயதிலேயே சென்னை நுண்கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் படம் வைத்தார். பின்னர்த் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். பள்ளியில் சேர்ந்தது 1936-இல், 25 வயதில். அக்காலத்து நீர்வண்ணப் படங்களில் கேரளத்துத் தென்னஞ்சோலைகளும் கால்வாய்களும் கண்ணுக்கினிய முறையில் விளங்குகின்றன. அவ்வழியிலேயே சென்றிருந்தால் நல்ல பெயரோடு நிறைவாக வாழ்ந்திருப்பார். 1944-இல் நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். மேனாட்டு ஓவியரின் வண்ண முறைகள் அவர் படங்களில் புகுந்தன. வான்கோவின் சாயலையும் காணலாம். அதன்பின் அஜந்தாச் சுவரோவியங்களின் கோடு அவரை ஆட்கொண்டது. 1954-இல் லண்டனிலும் பாரிசிலும் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். பிறர் கூடங்களைக் காணச் சென்ற மாணவனாக மட்டுமன்றித் தம் படங்களைப் பிறர் கண்களால் காண நேர்ந்த ஓவியராகவும் அவர் அங்கு நின்றார். 1957-இல் பள்ளியின் முதல்வரானார்.

இத்தனைக்கும் பிறகு, 1963 அளவில்தான் அவருடைய பெயருக்கு இன்று அடையாளமாயிருக்கும் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசை பிறக்கிறது. அதற்கு வித்து எங்கிருந்து வந்தது? லண்டனிலிருந்து வரவில்லை, பாரிசிலிருந்தும் வரவில்லை. இளம் மாணவன் ஒருவனுடைய பாடநோட்டின் ஒரு பக்கத்திலிருந்து வந்தது. எண்களும் குறியீடுகளும் நெருங்கிக் கிடந்த அப்பக்கத்தைப் படிக்காமல் பார்த்தார் பணிக்கர். பொருளை நீக்கிவிட்டுப் பார்த்தால் அது ஒரு படம். முதலில் உரோமன் எழுத்துகளும் கணிதக் குறிகளும் அவர் திரைச்சீலைகளில் ஏறின. பின்னர் அவை மாறி, மலையாள எழுத்தின் வளைவுகளை நினைவூட்டும், ஆனால் எவராலும் படிக்க இயலாத வரிகள் ஆயின. இடையிடையே சாதகக் கட்டங்கள், கோள்களின் குறிகள், பறவை, மீன். பரங்குன்றத்து மண்டபத்துச் சுவரிலும் கோள்நிலை எழுதப்பட்டிருந்தது என்பதை எண்ணும்போது, எழுத்தும் ஓவியமும் ஒன்றாயிருந்த பழைய நிலைக்குப் பணிக்கர் தம்மையறியாமலே திரும்பினார் என்று தோன்றுகிறது.

வான்கோவின் ஜப்பானிய எழுத்துகளும் படிக்க இயலாதவை; பணிக்கரின் எழுத்துகளும் படிக்க இயலாதவை. வேற்றுமை எங்கே? வான்கோ அவற்றை ஓரத்தில் வைத்தார்; எடுத்துவிட்டாலும் படம் நிற்கும். பணிக்கரின் படத்தில் எழுத்தை எடுத்துவிட்டால் வெறுந்துணிதான் எஞ்சும். முன்னது கடன், பின்னது முதல். எனினும் பாரிசும் லண்டனும் பணிக்கருக்குப் பயன்படவில்லை என்று முடிவு கட்டுவது தவறாகும். உருவம் இல்லாமலும் படம் எழுதலாம் என்னும் துணிவை மேனாட்டுக் கூடங்கள் தந்திருக்க வேண்டும். அத்துணிவு இல்லாதிருந்தால் பாடநோட்டு பாடநோட்டாகவே கண்ணில் பட்டிருக்கும். கண்காட்சி கண்ணைத் திருத்திற்று. பொருள் வீட்டிலேயே கிடந்தது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அவ்வரிசை பிறந்திராது.

பணிக்கரின் வெற்றி ஒரு தீங்கையும் விளைத்தது. அவரைச் சூழ்ந்திருந்த இளைஞர் பலர் எழுத்துகளையும் மந்திரக் கட்டங்களையும் தங்கள் படங்களில் தூவத் தொடங்கினர். சில ஆண்டுகள் சென்னைக் கண்காட்சிகளில் இவ்வாறு எழுத்துத் தூவிய படங்கள் மிகுந்தன. அவற்றிற் பலவற்றை இன்று பார்க்கும்போது யாருடையது எது என்று பிரித்தறிவதே கடினம். ஆசிரியரின் விடையை எழுதிக்கொண்டார்கள். அவர் கேட்ட வினாவைக் கேட்கவில்லை. பணிக்கரே இதற்குப் பொறுப்பாளர் என்று சொல்ல முடியாது. பெரிய ஆசிரியரின் நிழலில் எப்போதும் நிகழ்வதே இது. தமிழில் மரபுக் கவிதையிலும் புதுக்கவிதையிலும் இதனைக் காணாத தமிழாசிரியர் இரார்.

அந்நிழலிலிருந்து விலகி நின்றவர்களும் அதே பள்ளியில் இருந்தனர். பி.வி. ஜானகிராம் ஓவியமும் சிற்பமும் பயின்றவர். கோயில் திருமேனிகளுக்குத் தகட்டால் கவசம் செய்யும் தொழில்முறை அவர் கண்ணில் பட்டது. செப்புத் தகட்டைத் தட்டி, கம்பிகளை ஒட்டி, முன்புறம் மட்டுமே பார்க்கத்தக்க உருவங்களைச் செய்தார். சிற்பம் என்றால் நாற்புறமும் சுற்றிப் பார்க்கத்தக்கதாயிருக்க வேண்டும் என்னும் பாடநூல் விதிக்கு இது மாறு. கோயிலில் இறைவனை எவரும் பின்புறமாக நின்று வணங்குவதில்லை என்னும் அன்றாட உண்மைக்கு இது பொருந்துவது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து வந்த கே.எம். ஆதிமூலம் வேறொரு வகை. 1966-இல் பட்டயம் பெற்ற அவர் வண்ணத்தை ஒதுக்கிக் கறுப்பு மையின் கோட்டையே நெடுங்காலம் பற்றிக்கொண்டார். 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த 100 கோட்டோவியங்கள் பலரும் அறிந்தவை. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யைப் படித்தவர்கள் அவருடைய கோட்டை அங்கும் கண்டிருப்பர். வண்ணம் அவரிடம் பின்னால் வந்தது. வந்தபோது வெள்ளமாக வந்தது. 1962 முதல் 1996 வரை அவர் வரைந்த கோட்டோவியங்களை ஒரு நூலாகத் தொகுத்துள்ளனர். அதில் மாணவப் பருவத்துக் கோடுகளும் முதிர்ந்த கோடுகளும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. கை எவ்வளவு மெல்லத் தேறுகிறது என்பதை அறிய விரும்பும் மாணவனுக்கு அந்நூலைவிட நல்ல பாடம் இல்லை.

மலேசியத் தமிழர்க்கு இன்னும் நெருங்கியவர் சையத் தாஜுதீன். 1943-இல் இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். அழகன்குளம் பழந்துறைமுகம், மரக்கல உருவம் கீறிய பானை ஓடு ஒன்று அங்கு அகழ்வில் கிடைத்திருக்கிறது. கடல் கடந்தவர்களின் ஊர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டா. 1960களின் இறுதியில் தாஜுதீன் ஓவியம் கற்கச் சென்னைக்கே சென்றார். அங்குப் பயின்ற காலத்தில், 1972-இல், அனுமன் சீதையைக் காணும் காட்சியைப் பெரிய திரைச்சீலையில் எழுதினார். இசுலாமியர் இராமாயணம் எழுதுவதா என்று வியப்போர் உண்டு. கம்பனைக் கற்றுத் தோய்ந்து சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை அறிந்த தமிழர்க்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அவ்விராமாயண ஓவியங்களில் அஜந்தாச் சுவர்களின் நீண்ட விழிகளையும் வளைந்த உடல்களையும் காண்கிறோம். மாணவன் கண்டது வெளிப்படையாகத் தெரிகிறது. மறைக்க முயலாதது நல்லதே. மலேசியாவுக்குத் திரும்பி மாரா தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றபின், அதே கோடு கெபாயா அணிந்த மகளிரையும் மலாய்க் காதற்கதைகளையும் எழுதத் தொடங்கிற்று. செஞ்சாந்தும் மஞ்சளும் கலந்த வெம்மையான வண்ணம். இங்கு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பிற்காலப் படங்களிற் சிலவற்றில் அக்கோடு தன் எளிமையால் தானே மயங்கிவிடுகிறது. முகங்கள் ஒன்றுபோலவே இனிமையாகின்றன. 1972-இன் ஓவியத்தில் இருந்த தடுமாற்றம், பெரிய கதையைப் பெரிய துணியில் அடக்க முயலும் மாணவனின் திணறல், அவற்றில் இல்லை. திணறல் நீங்கியது தேர்ச்சி. அதனோடு ஒரு வேகமும் நீங்கிற்று. எனினும் சென்னையில் கற்ற கோட்டை மலாய் மண்ணின் பொருளுக்கு ஏற்றிய முதன்மையானவர்களுள் அவர் ஒருவர் என்பதில் ஐயமில்லை.

பினாங்கிலேயே இதற்கு முன்னோடியாக ஒருவர் இருந்தார். சுவா தியன் தெங் என்னும் சீனர் பாத்தேக் துணி செய்யும் தொழிலை நடத்தி நட்டமடைந்தார். எஞ்சிய மெழுகையும் சாயத்தையும் கொண்டு ஓவியம் எழுதிப் பார்த்தார். 1955-இல் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார். சேலைக்கும் கைலிக்கும் உரிய முறை ஓவிய முறையாயிற்று. வேடிக்கை என்னவென்றால், 1966-இல் சென்னைக்கருகே பணிக்கரும் மாணவர்களும் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, நிலம் வாங்கப் பணம் ஈட்டித் தந்தவற்றுள் அவர்கள் செய்து விற்ற பாத்தேக் துணிகளும் உண்டு.

இனி ஜாசினைப் பார்க்கலாம். இங்கே பாடநோட்டுக்கு நிகராகக் கண்ணெதிரே கிடப்பது எது? ஆசிரியர்கள் பலர் கோலத்தையும் கோயிற் கோபுரத்தையும் சொல்வர். அவை சரியே, ஆனால் அவற்றைத் தமிழர் எங்கும் எழுதுகின்றனர். இவ்வட்டாரத்துக்கே உரியது பால் மரத்தின் பட்டை. மலாயாவில் வணிக நோக்குடன் இரப்பர் பயிரிடத் தொடங்கிய இடங்களுள் ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் ஆசாகானும் ஒன்று. மரத்தின் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் உளி செல்கிறது. பட்டைக்குள் பால் செல்லும் குழாய்கள் செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்திருப்பதால், இவ்வாறு வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும். ஒரு வெட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே பட்டை சீவப்படுகிறது. ஆழம் மிகுந்தால் மரம் புண்படும். குறைந்தால் பால் வாராது. மாதங்கள் செல்லச் செல்ல அடுத்தடுத்த கோடுகள் பட்டையில் படிந்து, ஒரு கைவண்ணம் தெரியும். வெட்டியவர் யார் என்பதை அக்கோடுகளைக் கொண்டே சொல்லிவிடும் கங்காணிகள் இருந்தனர். ஆதிமூலத்தின் கோட்டை வியப்போர் இக்கோட்டையும் சற்று நின்று பார்க்கலாம்.

மெர்லிமாவில் பழைய பெங்குலு வீடு ஒன்று நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. மரவேலைப்பாடு மலாய் மரபு. வாயிற்படிகளில் பதித்த பூ ஓடுகளோ வேற்று நாட்டு வடிவு. இரண்டும் ஒட்டாமல் நிற்கும் என்று எதிர்பார்ப்போம், ஒட்டியே நிற்கின்றன. மலாக்கா நகரத்துக் கூடங்களும் முப்பது கிலோமீட்டர் அளவிலேயே உள்ளன. கோலாலம்பூருக்குச் செல்லுமுன் இவற்றைக் காட்டினால், மாணவன் அங்குக் காண்பவற்றை ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஏதேனும் கொண்டு செல்வான்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். தோட்டத்துப் பிள்ளையைத் தோட்டத்துப் பட்டையையே வரையச் சொல்வது அவனை லயத்துக்குள்ளேயே கட்டிப்போடுவது ஆகாதா? அவன் பாட்டன் வெட்டிய கோடு போதாதா? மறுப்பு நியாயமானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கும் இந்நாளில், பால் மரம் பல மாணவர்க்குப் பாட்டி சொல்லும் கதையாகிவிட்டது. எனவே பட்டையைத்தான் வரைய வேண்டும் என்று எவரும் விதிக்க முடியாது. விதித்தால் அதுவும் ஒரு நாட்காட்டிப் படமாகிவிடும். சில போட்டிகளில் அவ்வாறே ஆகியிருக்கிறது: தலையில் விளக்குக் கட்டிய தாய், வாளி, சூரிய உதயம். அப்படத்தை எழுதும் பிள்ளை மரத்தைத் தொட்டுப் பார்த்திராதவன். பணிக்கர் பாடநோட்டைத் தேடிச் செல்லவில்லை. முப்பதாண்டுகளாகப் படம் எழுதிப் பழகிய கண் அதன்மேல் விழுந்தது. ஜாசின் மாணவனின் கண் செம்பனைக் குலையின் செதில்களில் விழலாம், தொழிற்சாலை வாயிலின் மோட்டார் சைக்கிள் வரிசையில் விழலாம், தாத்தா வைத்திருக்கும் பழைய சம்பளச் சீட்டில் விழலாம்.

கண் அவ்வாறு விழுவதற்கு வேளை வேண்டும். தேர்வு நெருங்கினால் ஓவியப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடும் வழக்கம் ஆசிரியர் அனைவரும் அறிந்தது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. வழக்கம் அவ்வளவு விரைவாக நீங்குவதில்லை. கண்காட்சிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், மறுவாரம் அப்பாடவேளைகளைக் கணக்குக்குக் கொடாமல், கூடத்தில் ஒவ்வொருவனும் எப்படத்தின் முன் நெடுநேரம் நின்றான் என்று கேட்டு, அப்படம் கண்முன் இல்லாமலே ஒரு தாளில் வரையச் சொல்லலாம். நினைவில் எஞ்சியவை மட்டும் தாளில் வரும். எஞ்சாத இடங்களை மாணவன் தன்னிடமிருந்தே எடுத்து நிரப்புவான். அந்த நிரப்பிய பகுதிகளைச் சிவப்பு மையால் திருத்தாமல், அவற்றையே அடுத்த வாரத்துப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.